பினாங்கின் 2 மாநகர் மன்றங்களுக்கும் பொதுவான வீடமைப்பு நிதி: எப்படி எழுதினால் நிற்கும்?

கேள்வி: பிறைக்கரை

வணக்கம். பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் செபராங் பிறை மாநகர் மன்றமும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, வசதி குறைந்தவர்களின் வீட்டுக்கென்று ஒரு பொது நிதி வைக்க வேண்டும் என மாநில ஆட்சிக்குழுவுக்கு மனு தயாரிக்கிறோம். தீவில் நிலம் அரிது. பெருநிலமான செபராங் பிறையில் இடம் இருக்கிறது. ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தினமும் பாலம் தாண்டிப் போகிறவர்கள் பெருநிலத்தில் வாடகை கட்டுகிறார்கள். அவர்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மதிப்பீட்டு வரியோ (மன்றம் வசூலிக்கும் சொத்து வரி) தீவு மன்றத்துக்குப் போகிறது. இதை ஒரு மன்றம் தனியாகத் தீர்க்க முடியாது என்பதுதான் மனுவின் அடிப்படை.

"வீடு கட்டிக் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால் மனு கோப்பிலேயே தூங்கிவிடும். எண்ணும் விதியும் சேர்த்து எழுத விரும்புகிறோம். ஊராட்சி மன்றங்கள் இப்படிப் பணத்தை ஒன்றுசேர்க்கச் சட்டம் இடம் தருமா? யார் எவ்வளவு போடுவது? அதில் புதிதாகக் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா? 20 வருடம் கழித்து லிஃப்ட் நின்றால் யார் பொறுப்பு? மாத வாடகை 450 வெள்ளி (ரிங்கிட்) என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். மற்ற நாடுகளில் நடந்தது தெரிந்தவர்களும் எழுதுங்கள்.


பதில்: நிலப்பதிவு

பினாங்குக்கு ஒரு வசதி உண்டு, அதை மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே யோசனை முதல் படியிலேயே முட்டிக்கொள்ளும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அதை ஒட்டியிருக்கும் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, காஜாங் எல்லாம் சிலாங்கூர். நிலத்துக்கு இரண்டு அதிகாரம். பினாங்கில் இரண்டு மன்றங்களுக்கும் மேலே ஒரே மாநில அரசு. அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, வீடமைப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநில ஆட்சிக்குழு மனம் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் சிக்கல். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, மன்றங்களின் வரவு செலவுத் திட்டத்தை மாநில அரசின் ஒப்புதலுக்கு உட்படுத்துகிறது. மன்றம் கடன் வாங்கவும் மாநில ஒப்புதல் வேண்டும். மாநில அரசே நினைத்தபடி கடன் வாங்க முடியாது: அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவு, கூட்டரசிடமிருந்தோ, கூட்டரசு ஏற்றுக்கொண்ட வங்கியிடமிருந்து 5 ஆண்டுக்கு மிகாமலோதான் வாங்க விடுகிறது. "மன்றங்கள் சேர்ந்து கடன் பத்திரம் வெளியிடலாம்" என்று மனுவில் எழுதும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது எல்லை. தீவு மன்றம் வசூலித்த பணம் பெருநிலத்துப் பத்து காவானில் செலவானால், "உங்கள் எல்லைக்குள் இருக்கும் வரி செலுத்துவோருக்கு இதில் என்ன கிடைத்தது?" என்று தணிக்கையில் கேள்வி வரும். அதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். நேரடியாக அக்கரையில் செலவழிப்பதாகக் காட்டாமல், மாநில வீடமைப்பு வாரியத்தின் கீழ் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனிக் கணக்கில் பணத்தைப் போட்டு, போட்ட அளவுக்கு ஏற்ப இத்தனை வீடுகளுக்குக் குடியிருப்போரைப் பரிந்துரைக்கும் உரிமையை மன்றம் பெறுவது ஒரு வழி. அந்த உரிமைதான் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பயன். மாநில சட்ட ஆலோசகரின் கருத்தை எழுத்தில் வாங்கிய பிறகே இதை இறுதி செய்யச் சொல்லுங்கள்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "மன்றத்து நிலம்" என்று ஊரே சொல்லும் இடம் பல நேரம் மன்றத்தின் பெயரில் இருக்காது. அது ரிசாப் நிலமாக இருக்கும்: தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் ஒரு பொது நோக்கத்துக்கு ஒதுக்கி அரசிதழில் வெளியிட்டது. மன்றம் அதன் பராமரிப்பாளர் மட்டுமே. விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கியதில் வீடு கட்ட வேண்டுமானால் 64-ஆவது பிரிவின் கீழ் முதலில் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும். அதற்கு அறிவிப்பு, விசாரணை எல்லாம் உண்டு. மன்றத்தின் பெயரிலேயே கெரான் (நில உரிமைப் பத்திரம்) இருந்தால் வேலை வேகமாக நடக்கும். எனவே மனுவில் எந்த இடத்தையும் பெயர் சொல்லிக் கேட்பதற்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் எடுத்து நான்கைப் பாருங்கள்: யார் பெயர், நில நிபந்தனை என்ன, சட்டப்படியான கட்டுப்பாடு உண்டா, கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) கிடக்கிறதா. நிபந்தனை "விவசாயம்" என்று இருந்தால் நில வகை மாற்றமும் அதற்கு மாநிலத்துக்குக் கட்டும் பிரிமியமும் வரும். பிரிமியத்தைக் குறைப்பது மாநில அரசின் கையில்தான் இருக்கிறது, ஆகவே அதையும் மாநிலத்தின் பங்களிப்பாக மனுவில் கேளுங்கள்.

இன்னொன்று மண். ஜூரு, பத்து காவான் கரையோரங்களில் கடற்களிமண் ஆழமாக இருக்கும். அடித்தளத்துக்கு இறக்கும் பைல் தூண்களின் நீளம் கூடக்கூட செலவு ஏறும். துளையிட்டு மண் பரிசோதனை செய்யாத நிலத்துக்கு நிதிக் கணக்கில் மதிப்பு எழுத விடாதீர்கள்.


பதில்: கணக்கேடு

450 வெள்ளியை வைத்து ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுகிறேன். செலவு எண்கள் எல்லாம் அனுமானம். உங்களுக்குக் கிடைக்கும் உண்மை எண்ணை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை 450. காலியாகக் கிடக்கும் மாதமும் வராத வாடகையும் 7 விழுக்காடு என்றால் 31.50 போகும். துப்புரவு, லிஃப்ட் சர்வீஸ், பொது விளக்கு, காப்புறுதி, நிர்வாகம் எல்லாம் 130. பிற்காலப் பெரும்பழுதுக்கு எடுத்துவைப்பது 40. மிச்சம் 248.50. கடன் கொடுப்பவர் மிச்சம் முழுவதையும் தவணையாக எண்ண மாட்டார். தவணையைப் போல 1.2 மடங்கு வருமானம் வேண்டும் என்பார். அப்படியானால் தவணைக்கு 207 வெள்ளிதான். வட்டி 4.5 விழுக்காடு, 30 ஆண்டு என்றால் 207 வெள்ளி தாங்கும் கடன் சுமார் 41,000.

நிலம் சும்மா கிடைத்தது என்றே வைப்போம். பைலிங், கட்டடம், வாகன நிறுத்துமிடம், மின் துணைநிலையம், நிபுணர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு 220,000 என்றால் 179,000 துண்டு விழும். 120 வீட்டுக் கட்டடத்துக்கு 21.5 மில்லியன். இரண்டு மன்றமும் சேர்ந்து ஆண்டுக்கு 10 மில்லியன் போட்டாலும் ஒரே கட்டடத்துக்கு இரண்டு வருடப் பணத்துக்கு மேல் ஆகும்.

பிபிஆர் எனும் அரசாங்க மக்கள் வீடமைப்புத் திட்ட வாடகையான 124 வெள்ளியை வைத்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 7 விழுக்காடு கழித்து 115 வரும், 170 செலவாகும். கடனே இல்லாவிட்டாலும் 120 வீட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 79,000 வெள்ளி கையைக் கடிக்கும். அந்த வாடகையில் கட்டடம் பாழாவதற்குக் குடியிருப்பவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. கணக்கு அப்படி.

இப்போது வட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் "கூட்டு நிதி" என்றவுடன் எல்லோரும் வெளிநாட்டுக் கூட்டுக் கடனைத்தான் காட்டுவார்கள். சுவீடனில் 1986-இல் ஓரெப்ரோ வட்டாரத்து நகராட்சிகள் சில சேர்ந்து தொடங்கியது கொம்யூனின்வெஸ்ட். ஒருவர் கடனுக்கு எல்லா உறுப்பினரும் பொறுப்பு என்பதால் சந்தையில் மலிவான வட்டி கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2002-03-இல் 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களைக் கட்டாகச் சேர்த்து, தனி அறக்கட்டளை நிதி ஒன்றின் மூலம் 30.41 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுப் பத்திரம், 9.20 விழுக்காடு வட்டியில். இந்தியாவின் முதல் கூட்டு நகராட்சிப் பத்திரம் அதுதான். தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் அவை. பத்திரம் விலைபோனதற்குக் காரணம் அதன் அடுக்குப் பாதுகாப்பு: ஊர்களின் வருமானம் தனிக் கணக்கில் பூட்டப்பட்டது, தவணை தவறினால் மாநிலம் அந்த ஊருக்குத் தர வேண்டிய நிதிப் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம், அசலில் பாதிக்கு அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் உத்தரவாதம்.

அருமையான வடிவமைப்பு, ஆனால் நமது பிரச்சினைக்கு மருந்து அது இல்லை. வட்டி 4.5-லிருந்து 3.5 ஆக இறங்கினால் மேலே சொன்ன 41,000 கடன் 46,000 ஆகும். வீட்டுக்கு ஐயாயிரம் வெள்ளிதான் லாபம், துண்டு விழுவதோ 179,000. குடிநீருக்குக் கட்டணம் வருகிறது, கடன் தாங்குகிறது. 450 வெள்ளி வாடகை 220,000 வெள்ளி வீட்டின் கடனைத் தாங்கவே தாங்காது. பத்திரம் வெளியிடும் யோசனையை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டென்மார்க் முறையில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே பொது வாடகை வீட்டின் செலவில் சுமார் 88 விழுக்காடு அடமானக் கடன், 2 விழுக்காடு குடியிருப்போர் வைப்புத்தொகை, மீதி சுமார் 10 நகராட்சி போடும் அடிப்படை மூலதனம்; அதற்கு 50 ஆண்டு வரை வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. நகராட்சி முழு வீட்டையும் கட்டவில்லை, மெல்லிய ஓர் அடுக்கை மட்டும் வைக்கிறது. கடன் தீர்ந்த பிறகு வாடகை குறைவதில்லை. அந்தப் பணம் 1967-இல் ஏற்பட்ட தேசிய கட்டட நிதிக்குப் போய்ப் பழைய கட்டடங்களைச் சீராக்க உதவுகிறது. நம் இரண்டு மன்றங்களும் தேட வேண்டியது அப்படி மெல்லிய அடுக்கு போதுமான இடத்தை.


பிறைக்கரை

நன்றி கணக்கேடு ஐயா. ஆனால் 179,000 என்பதைப் பார்த்தால் எங்களுக்கே மனம் சோர்கிறது. அந்த மெல்லிய அடுக்கு எங்கே போதும்?


கணக்கேடு

சோர வேண்டாம், அதே கணக்கை வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பினாங்கில் மேம்பாட்டாளர்கள் ஒதுக்கீட்டின் கீழ் கட்டித்தரும் வீடுகளுக்கு மாநிலம் விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மலிவு வீடு 42,000, நடுத்தர மலிவு வீடு 72,500. அந்த 72,500 வெள்ளி வீட்டை நிதி வாங்கி 450-க்கு வாடகைக்கு விட்டால், வாடகை 41,000 கடனைத் தாங்கும். துண்டு விழுவது 31,500 மட்டும். 10 மில்லியனை வைத்துப் புதிதாகக் கட்டினால் 55 வீடு. இப்படி வாங்கினால் 317 வீடு. கடனே எடுக்காமல் முழுப் பணமும் கொடுத்து வாங்கினாலும் 137 வீடு, அதன்பின் மாதாமாதம் வரும் 248 வெள்ளி நிதிக்கே திரும்பும். மாநிலக் கடன் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதால் முதல் 3 ஆண்டுக்கு நான் இந்தக் கடனில்லா வழியைத்தான் கேட்பேன்.

ஒரு கண்டிப்பு வேண்டும். வாங்கத் தகுதியும் வசதியும் உள்ள குடும்பத்தின் வீட்டை நிதி தட்டிப் பறிக்கக் கூடாது. பட்டியலில் இருந்த விண்ணப்பதாரர்களுக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டு, பெயர் மாற்றி மாற்றிப் பார்த்தும் விற்காமல் நிற்கும் வீடுகளை மட்டும் வாங்க வேண்டும். எத்தனை பேருக்குக் கடன் மறுக்கப்பட்ட பின், எத்தனை மாதம் கழித்து என்பதை எண்ணாக எழுதுங்கள். கடன் மறுக்கப்பட்டவர்தான் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு மிகவும் தேவையுள்ளவர். அவருக்கே முதலில் அதை வாடகைக்குக் கேட்கும் உரிமை கொடுங்கள். நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடன் உத்தரவாதம் தரும் கூட்டரசுத் திட்டமும் இருக்கிறது, அதை முயன்ற பிறகு வாடகை.


பதில்: கோலாலம்பூர்_வடக்கு

மேலே சொன்னதில் ஒரு குறை. வாங்கிய வீடுகள் வேறு ஒருவர் கட்டிய கட்டடத்தில் சிதறிக் கிடக்கும். ஒரு கட்டடத்தில் 3, இன்னொன்றில் 11 என்று இருந்தால் வாடகை வசூலுக்கும் பழுது பார்க்கவும் ஆள் அலைய வேண்டும், அந்த 130 வெள்ளியில் நிர்வாகப் பங்கு எகிறும். ஒரு கட்டடத்தில் குறைந்தது இத்தனை வீடு கிடைத்தால்தான் வாங்குவது என்று வையுங்கள். 20-க்குக் கீழே நான் போக மாட்டேன்.


பதில்: ஆயர்_ஈத்தாம்

யார் எவ்வளவு போடுவது என்ற கேள்விக்கு.

அமெரிக்காவில் சியாட்டிலுக்குக் கிழக்கே பெல்வியூ, கிர்க்லேண்ட், ரெட்மண்ட் நகரங்களும் கிங் கவுண்டியும் 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டு ஆர்ச் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பிறகு சுற்றியுள்ள சிறு நகரங்களும் சேர்ந்தன. ஒவ்வொரு நகரமும் எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு மக்கள்தொகையோடு எதிர்பார்க்கும் வேலைவாய்ப்பு வளர்ச்சியையும் பார்க்கிறார்கள். பணம் பொதுக் கணக்கில் இருக்கும், திட்டங்களை ஒரே குழு பரிசீலிக்கும். ஆனால் ஒரு நகரத்தின் பணம் ஒரு திட்டத்துக்குப் போக அந்த நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும். பணம் இடம் மாறினாலும் உரிமை கைவிட்டுப் போகவில்லை என்பதால்தான் பக்கத்து ஊரில் வீடு எழும்பவும் ஒரு மன்றம் மனமுவந்து கொடுக்கிறது.

பினாங்குக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவில் சுமார் 7.94 இலட்சம் பேர், செபராங் பிறையில் 9.46 இலட்சம். தலைக்கணக்கில் மட்டும் பங்கு பிரித்தால் தீவு 46, பெருநிலம் 54 விழுக்காடு. இது பெருநிலத்துக்குச் செய்யும் அநியாயம். பிறைக்கரை சொன்னதுபோல, வேலை ஓர் இடத்திலும் வேலை செய்பவர் இன்னோர் இடத்திலும் இருக்கும்போது தலையை மட்டும் எண்ணினால் தொழிலாளியைத் தங்கவைக்கும் ஊர்தான் அதிகம் கட்டும்.

என் யோசனை: பாதியைத் தலைக்கணக்கில் பிரியுங்கள். மறுபாதியை, ஒவ்வொரு மன்றமும் அங்கீகரித்த புதிய தொழிற்சாலை, அலுவலக, ஹோட்டல், கடைப் பரப்பளவில் பிரியுங்கள். சதுர அடிக் கணக்கு இரண்டு மன்றங்களின் கட்டடத் திட்டப் பிரிவிலும் ஏற்கெனவே இருக்கிறது, வெளியே போய் ஆய்வு செய்ய வேண்டியதில்லை. ஒரு வருட எண்ணை எடுக்காமல் 3 வருடச் சராசரி எடுங்கள். இல்லாவிட்டால் பத்து காவானில் ஒரு பெரிய தொழிற்சாலை வந்த வருடம் பெருநிலத்தின் பங்கு திடீரென்று குதிக்கும், மறு வருடம் இறங்கும், வரவு செலவுத் திட்டம் போடுபவர்கள் வெறுத்துப்போவார்கள்.

பணத்தின் மூலத்தையும் குறிப்பிடுங்கள். மதிப்பீட்டு வரியை உயர்த்தித்தான் நிதி என்றால் முதல் நாளே எதிர்ப்பு கிளம்பும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் மேம்பாட்டுக் கட்டணம் ஒன்று இருக்கிறது: நிலப் பயன்பாடு மாறியோ அடர்த்தி கூடியோ நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அதில் ஒரு பங்கு. நிலத்துக்குச் சொந்தக்காரர் கைப்படச் செய்த எதனாலும் வந்த உயர்வு இல்லை அது, மன்றத்தின் ஓர் அனுமதியால் வந்தது. அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு ஒதுக்கச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஏறி இறங்கும் வருமானம். சொத்துச் சந்தை படுத்தால் வறண்டுபோகும். ஆகவே குறைந்தபட்சத் தொகை ஒன்றை மன்றத்தின் பொது வருமானத்திலிருந்து கட்டாயமாக்கி, மேம்பாட்டுக் கட்டணத்தை அதன் மேல் வருவதாக எழுதுங்கள்.

நிலத்தைப் பணமாக எண்ணும்போது கவனம். மதிப்பீட்டுத் துறையைக் கொண்டு மதிப்பிடும்போது, வாடகை வீட்டுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு மதிப்பிட வேண்டும். தடையில்லாச் சந்தை விலையில் எண்ணினால் ஒரே ஒரு மனையைக் கொடுத்த மன்றம் 10 வருடப் பங்கையும் கட்டிவிட்டதாகக் கணக்கு காட்டும். மனை இருக்கும், பைலிங்குக்குக் காசு இருக்காது. ஒரு வருடப் பங்கில் பாதிக்கு மேல் நிலமாக ஏற்க முடியாது என்று எழுதிவிடுங்கள்.


பதில்: மூன்றாம்_மாடி

லிஃப்ட் கேள்வியை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறீர்கள். குடியிருப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி. 14-ஆவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு லிஃப்ட் நின்ற நாளில் அந்த வீடு வீடாக இல்லை.

2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், சட்டம் 757, பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சிங்கிங் ஃபண்டாக, அதாவது பெரும்பழுதுக்கான சேமிப்பாக, வசூலிக்கச் சொல்கிறது. 130 வெள்ளிக்கு 13 வெள்ளி. 120 வீட்டுக்கு ஆண்டுக்கு 18,720. 20 ஆண்டில் 374,400. அதற்குள் சாயம் பூச வேண்டும், கூரைத் தண்ணீர்த் தொட்டி மாற்ற வேண்டும், நீர்க்கசிவு அடைக்க வேண்டும், இரண்டு லிஃப்டைப் புதிதாகப் போட வேண்டும். லிஃப்டுகளே அதை விழுங்கிவிடும். கணக்கேடு போட்ட 40 வெள்ளியில் 20 ஆண்டுக்கு 1.15 மில்லியன் சேரும். அந்த 40-ஐ யாரும் குறைக்க விடாதீர்கள். வாடகை கட்டுபடியாகவில்லை என்று வரும்போதெல்லாம் முதலில் கத்தி விழுவது அதில்தான்.

யாரும் கவனிக்காத ஓட்டை ஒன்று. முழுக் கட்டடமும் மன்றத்துக்கே சொந்தமாக இருந்து ஒரு வீடும் விற்கப்படாவிட்டால் ஜேஎம்பி எனும் கூட்டு நிர்வாக அமைப்பு அமையாது. ஆகவே அந்த 10 விழுக்காடு கட்டாயமும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டு மன்றங்களின் ஒப்பந்தத்திலேயே தனிக் கணக்கும் மாதத் தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கேடு சொன்னபடி விற்பனைக் கட்டடத்தில் வீடுகளை வாங்கினால் நிலைமை வேறு. அங்கே நிதியும் மற்றவர்களைப் போல ஒரு வீட்டுக்காரர். மாதக் கட்டணத்தைத் தவறாமல் கட்ட வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு 7 நாளுக்கு முன் பாக்கி இருந்தால் ஓட்டுரிமை கிடையாது. மன்றத்தின் பணம் வவுச்சருக்கு வவுச்சர் நகர்ந்து தாமதமாக வந்தால், 20 வீடு வைத்திருப்பவரே ஓட்டில்லாமல் உட்கார வேண்டிவரும். கட்டணத்தை 6 மாதம் முன்கூட்டியே கட்டிவிடுவது என்று விதி வையுங்கள்.

அதே சமயம் நிதி ஒரு கட்டடத்தில் மிகப் பெரிய பங்காளியாகவும் ஆகக் கூடாது. தலைக்கு ஒரு ஓட்டு என்று இல்லாமல் வீடுகளின் பங்கு அலகுக் கணக்கில் வாக்கெடுப்பு கேட்டால் பாதி வீட்டை வைத்திருப்பவர் சொன்னதுதான் நடக்கும், சொந்தக்காரக் குடும்பங்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும். கோலாலம்பூர்_வடக்கு குறைந்தது 20 என்றார். நான் மேல் வரம்பாக ஐந்தில் ஒரு பங்கு என்பேன். 200 வீட்டுக் கட்டடத்தில் 20 முதல் 40 வரை.

மாநிலத்தின் 80 விழுக்காடு பராமரிப்பு நிதியோடு இது நன்றாகப் பொருந்தும். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி போன்ற பெரும்பழுதுக்கு மாநிலம் 80 வரை தரும், மீதி 20 குடியிருப்போர் தர வேண்டும். 200 வீட்டுக் கட்டடத்தில் 200,000 வெள்ளி வேலை என்றால் குடியிருப்போர் பங்கு 40,000, வீட்டுக்கு 200. இந்த 200-ஐ வசூலிக்க முடியாமல்தான் வேலை மாதக்கணக்கில் நிற்கும். நிதி தன் 40 வீட்டுக்கான 8,000 வெள்ளியை முதல் வாரமே கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கையில் வந்துவிடும், மற்றவர்களிடம் கேட்கவும் ஜேஎம்பிக்கு முகம் இருக்கும்.

வீட்டை வாங்கும் நாளில் இன்னொரு வேலை. கட்டடத்தின் கட்டண பாக்கிப் பட்டியலையும் கடைசித் தணிக்கைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். புதுக் கட்டடமானால் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் குறைபாடு சரிசெய்யும் காலம். குளியலறை நீர்க்கசிவை 23-ஆவது மாதம் எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் மழைக்காலத்திலேயே கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்து, படம் எடுத்து, எழுத்தில் கொடுங்கள்.


பிறைக்கரை

மனுவின் எலும்புக்கூடே கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு மன்றம் பாதியில் விலகிக்கொண்டால்? உறுப்பினர்கள் நியமனத்தில் வருபவர்கள், அடுத்த வருடம் வேறு முகங்கள் இருக்கலாம்.


நிலப்பதிவு

அதனால்தான் மன்றத் தீர்மானத்தை மட்டும் நம்பக் கூடாது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து உறுப்பினர்கள் நியமனத்தில்தான் வருகிறார்கள்; சட்டம் 171-இன்படி ஒரு நியமனம் அதிகபட்சம் 3 ஆண்டு. 30 ஆண்டு வாழ வேண்டிய ஏற்பாட்டை 3 ஆண்டுக்காரரின் கையெழுத்தில் தொங்கவிட முடியாது.

பணத்துக்கு: ஒவ்வொரு ஆண்டுப் பங்கும் ஜனவரியிலேயே தனிக் கணக்கில் விழ வேண்டும். வேலை நடக்கும்போது மாதா மாதம் மன்றக் கூட்டம் முடிந்து பணம் விடுவிப்பது என்று வைத்தால், குத்தகையாளரின் பில் இரண்டு மன்றங்களின் கூட்டத்துக்கும் காத்திருக்கும். கட்டுமானப் பணம் வழங்கல் தீர்ப்பு முறைச் சட்டப்படி அவர் நடுவரிடம் தீர்ப்பு கேட்டுப் போகலாம். விலகும் மன்றம் 2 ஆண்டு முன்னறிவிப்பு தர வேண்டும், செலவாகாத தன் மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய வீடுகளில் கைவைக்க முடியாது. அவற்றில் பரிந்துரைக்கும் உரிமை மட்டும் முன்போல் தொடரும்.

வீட்டுக்கு: கெரானிலேயே கட்டுப்பாடு பதிவாக வேண்டும், மாநில ஆட்சிக்குழுவின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று. மன்ற முகங்கள் மாறினாலும் பத்திரத்தில் இருப்பது மாறாது. வாசகத்தை எழுதும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள். வழக்கமான வாசகத்தில் விற்பனை, அடமானம், குத்தகை, வாடகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தடை செய்துவிடுவார்கள். அப்படியே விட்டால் ஒவ்வொரு குடும்பமும் குடிவரும்போதும் மாநில ஒப்புதலுக்குக் கோப்பு போகும், வீடு பல மாதம் பூட்டிக் கிடக்கும். "3 ஆண்டுக்கு மேற்படாத வாடகை நீங்கலாக" என்ற சொற்றொடரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேசிய நிலச் சட்டத்தில் பதிவு தேவைப்படாத வாடகையின் வரம்பும் அதே 3 ஆண்டுதான்.

மனு ஜூன் மாதத்துக்குள் இரண்டு மன்றங்களின் நிதிப் பிரிவுக்கும் போய்ச் சேரட்டும். அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம் பிடிப்பது கடினம்.